கருவில் மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி மூலக்கூறு உண்டா?

முன்மூளைக்கு ஒன்று, நடுமூளைக்கு ஒன்று, பின்மூளைக்கு ஒன்று என்று தனித்தனி மூலக்கூறுகள் இருக்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதுகலை ஆய்வுக்காகக் கோழி முட்டைகளோடு உட்கார்ந்த பிறகுதான் அந்த எண்ணம் போனது.

முட்டையை 38 டிகிரி சூட்டில் ஒன்றரை நாள் வைத்திருப்போம். ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஓட்டில் கத்தரியால் சின்ன ஜன்னல் வெட்ட வேண்டும். உறிஞ்சாமல் வெட்டினால் கரு ஓட்டோடு உரசிக் கிழிந்துவிடும். மஞ்சள்மேல் கரு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. அதன் அடியில் ஒரு துளி இந்தியன் இங்க்கைச் செலுத்தினால், கறுப்புக்கு மேலே கண்ணாடி போல ஒரு குழாய் தெரியும். குழாயின் தலைப்பக்கத்தில் மூன்று புடைப்புகள். அதுதான் மூளை. முதல் தடவை பார்த்தபோது கையை எடுக்கவே மனம் வரவில்லை.

நடுமூளைக்கும் பின்மூளைக்கும் இடையே குழாய் இடுங்கியிருக்கும். பூசந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இருக்கும் செல்களில் ஓட்எக்ஸ்2 என்ற மரபணு வேலை செய்கிறது, பின்னால் ஜிபிஎக்ஸ்2. இரண்டும் ஒன்றையொன்று அடக்கும். முட்டிக்கொள்ளும் கோடுதான் எல்லை. அந்த இடத்திலிருந்து எஃப்ஜிஎஃப்8 என்ற புரதம் இரு பக்கமும் பரவுகிறது. அதைக் கேட்டு முன்பக்கம் நடுமூளையாகிறது, பின்பக்கம் சிறுமூளையாகிறது. புரதம் ஒன்றுதான்.

1996இல் கிராஸ்லி, மார்ட்டினெஸ், கெயில் மார்ட்டின் மூவரும் இந்தப் புரதத்தில் ஊறிய சிறு மணியைக் கோழிக் கருவில் முன்மூளையின் பின்பகுதியில் வைத்தார்கள். அங்கே இன்னொரு நடுமூளை வளர்ந்தது, அதுவும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிய திசையில்! வழக்கமாகப் பூசந்தியை ஒட்டிய பக்கம்தான் நடுமூளையின் பின்புறம். இங்கே மணி இருந்த பக்கம் பின்புறமாகிவிட்டது.

நான் வைத்த மணிகளில் சில கொஞ்சம் முன்னால் நழுவிவிட்டன. அங்கே நடுமூளை வரவே இல்லை. அதே புரதம்தான், ஆனால் அந்தச் செல்கள் ஏற்கெனவே வேறு மரபணுக்களை இயக்கத் தொடங்கியிருந்தன. அதனால்தான் மரபணுவைக் கட்டட வரைபடம் என்று பாடநூல்கள் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. இந்தப் புரதம் ஒரு கூப்பிடு குரல். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

அப்புறம், பிரித்த பகுதிகள் கலந்துவிடாமல் இருக்கவும் வேண்டுமே. பின்மூளை கரும்பு போலக் கணுக் கணுவாகப் பிரியும். 1990இல் ஃப்ரேசர், கீன்ஸ், லம்ஸ்டன் ஆகியோர் அங்கே ஒற்றைச் செல்லுக்குள் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். கணுக்களுக்கு இடையே எல்லை உருவான பிறகு, சாயம் ஏற்றிய செல்லின் வழிவந்த செல்கள் பெரும்பாலும் பக்கத்துக் கணுவுக்குள் போகவில்லை. ஒரு கணுவின் செல்பரப்பில் எஃப் (Eph) என்ற ஏற்பிப் புரதங்களும் அடுத்ததில் எஃப்ரின் புரதங்களும் இருக்கின்றன. இரண்டும் தொட்டுக்கொண்டால் செல்கள் விலகிக்கொள்கின்றன.