பாதி வட்டம் கடலுக்குள்: டேட்டிங் செயலிகள் குறித்த கேள்வி-பதில்

டேட்டிங் செயலிகளுக்குப் பணம் கட்டியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று சென்ற முறை கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் மிகுதியானவை தூத்துக்குடியிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் வந்திருப்பதால், இம்முறை அந்த நகரத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அடையாளங்களை நீக்கி, கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சென்னையில் வேலை பார்த்தபோது செயலி நன்றாகப் பயன்பட்டது. ஊருக்கு மாற்றலாகி வந்ததும் ஆறு மாதச் சந்தா எடுத்தேன். இரண்டே நாளில் ‘உங்கள் பகுதியில் வேறு யாரும் இல்லை’ என்று வந்துவிட்டது. இன்னும் விலை கூடிய திட்டத்துக்கு மாறலாமா?
(ஆண், 29, மில்லர்புரம்)

பதில்: மாற வேண்டாம். செயலி உங்களை நடுவில் வைத்து ஒரு வட்டம் போடுகிறது. சென்னையின் உட்பகுதியில் 30 கிலோமீட்டர் வட்டம் என்றால் அதற்குள் பல லட்சம் பேர் இருப்பார்கள். தூத்துக்குடியில் அதே வட்டத்தைப் போட்டால் கிழக்குப் பாதி மன்னார் வளைகுடாவுக்குள் விழுந்துவிடும். மேற்குப் பாதியிலும் ஒரு பகுதி உப்பளம். தெற்கே திருச்செந்தூரை எட்டுவதற்குள் தூரம் தீர்ந்துவிடும். 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சியில் ஏறத்தாழ 2.37 லட்சம் பேர் இருந்தார்கள். அதில் குழந்தைகள், முதியோர், மணமானவர்கள், செயலி பக்கமே வராதவர்கள் ஆகியோரைக் கழித்துவிட்டால், உங்கள் வயதுக்கும் விருப்பத்துக்கும் எஞ்சுகிறவர்கள் சிலரே. விலை கூடிய திட்டம் உங்கள் படத்தை அதே சிலருக்கு முன்வரிசையில் காட்டும். இல்லாத ஆட்களை அதனால் கொண்டுவர முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது இலவசமானது. தூர அளவை 60 கிலோமீட்டராக மாற்றுங்கள். பாளையங்கோட்டையும் திருநெல்வேலியும் கோவில்பட்டியும் உள்ளே வந்துவிடும். கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நிறைந்த ஊர்கள் அவை. பேருந்தில் போய்ச் சந்தித்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். வயது வரம்பையும் இரண்டிரண்டு ஆண்டுகள் தளர்த்துங்கள். இன்னொன்று, இந்த ஊரில் செயலியின் கூட்டம் நாளுக்கு நாள் மாறும். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் வீடு திரும்பும் நாட்களில், அதாவது பனிமய மாதா திருவிழா நடக்கும் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை, குலசேகரப்பட்டினம் தசரா, கிறிஸ்துமஸ், பொங்கல் ஆகிய காலங்களில், புது முகங்களைக் காண்பீர்கள். பணம் கட்டியே தீர வேண்டும் என்று தோன்றினால் அந்த வாரங்களுக்கு மட்டும் கட்டுங்கள்.

இதை என் சொந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் கற்றேன். மணமுறிவுக்குப் பின், நண்பர்கள் சொன்னதைக் கேட்டு, மாதக் கணக்கில் பார்த்தால் மலிவு என்று ஓராண்டுச் சந்தா எடுத்தேன். மூன்றாவது வாரத்தில் என் வட்டத்திலிருந்த எல்லாரையும் பார்த்து முடித்திருந்தேன். அதன் பிறகு மாதக்கணக்கில், கடற்கரையில் மீன்பிடிப் படகின் மேல் சாய்ந்து நிற்கும் ஒரே மனிதரின் படம் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தது.

கேள்வி: ஒரு வாரத் திட்டம், ஒரு மாதத் திட்டம், ஆறு மாதத் திட்டம்: எது லாபம்?
(பெண், 31, பிரையண்ட் நகர்)

பதில்: முதலில் இலவசமாக ஒரு மாதம், பிறகும் தேவை என்றால் ஒரு வாரம்.

கேள்வி: செயலியை அலைபேசியிலிருந்து நீக்கி ஐந்து மாதமாகிறது. மாதந்தோறும் 499 ரூபாய் போய்க்கொண்டே இருக்கிறது. வங்கியில் கேட்டால் நீங்கள்தானே அனுமதி கொடுத்தீர்கள் என்கிறார்கள். நான் பயன்படுத்தாத சேவைக்கு எப்படிப் பணம் எடுக்கலாம்?
(ஆண், 34, முத்தையாபுரம்)

பதில்: இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள், ஏனெனில் எனக்கு வரும் புகார்களில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

செயலியை நீக்குவதும் சந்தாவை ரத்து செய்வதும் வெவ்வேறு செயல்கள். செயலியை நீக்கினால் உங்கள் அலைபேசியில் இடம் காலியாகும், அவ்வளவுதான். சந்தா கூகுள் பிளே அல்லது ஆப்பிள் கணக்கில் தனியாக உயிரோடு இருக்கும். ஆண்ட்ராய்டு அலைபேசியில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதிக்குள் போய் ரத்து செய்யுங்கள். ஐபோனில் அமைப்புகளுக்குள் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் தெரியும். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால், கட்டணச் செயலியில் ஆட்டோபே என்ற பகுதியில் அந்த அனுமதியையே திரும்பப் பெறலாம். மூன்றையும் இன்றே பாருங்கள்.

இப்படி ஒரு மனிதரை அலைய விடுவது தற்செயல் அல்ல. வாங்கும் பொத்தான் முதல் திரையிலேயே பளிச்சென்று இருக்கும். நிறுத்தும் பொத்தானைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த நெறிமுறைகளில், வாங்குவோரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புத் தந்திரங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்ய முடியாதபடி செய்வது, அல்லது ரத்து செய்யும் வழியை மறைப்பதும் சிக்கலாக்குவதும் அதில் அடங்கும். தானாகக் கழியும் கட்டணத்துக்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும், அதில் விலகும் வழியும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் பழைய குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். ஐந்து மாதமும் அந்தத் தகவல் வந்தும் நீங்கள் திறக்காமல் விட்டிருந்தால் உங்கள் வாதம் வலுவிழக்கும். தகவலே வரவில்லை என்றால் வங்கியிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

செயலி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலும், இந்தியர்களுக்குத் தொடர்ந்து சேவை விற்றால் விதி பொருந்தும். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது; கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை; பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

2,495 ரூபாய்க்காக இவ்வளவு தேவையா என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். தேவைதான். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொகை இவ்வளவு சிறியதாக வைக்கப்பட்டிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: ‘9 பேருக்கு உங்களைப் பிடித்திருக்கிறது’ என்று மங்கலான படங்களைக் காட்டி, தெளிவாகப் பார்க்கப் பணம் கேட்கிறது. கட்டலாமா?
(ஆண், 26, தெர்மல் நகர்)

பதில்: கட்ட வேண்டாம். ஊர் சிறியது. அந்த ஒன்பது பேரில் உங்கள் வட்டத்துக்குள் இருப்பவர்கள், நீங்கள் இலவசமாகப் பார்க்கும் வரிசையிலேயே பெரும்பாலும் வந்துவிடுவார்கள். மற்றவர்கள் வெளியூர்க்காரராகவோ போலிக் கணக்காகவோ இருக்கலாம். டிண்டர் உள்ளிட்ட டேட்டிங் செயலிகளை நடத்தும் மேட்ச் குழுமத்தின் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2019இல் தொடுத்த வழக்கில் இதே போன்ற ஒரு குற்றச்சாட்டு இருந்தது: மோசடிக் கணக்குகள் என்று நிறுவனமே ஐயுற்ற கணக்குகளிலிருந்து வந்த விருப்பங்களைக் காட்டி மக்களைச் சந்தா கட்ட வைத்தார்கள் என்பது. 2025இல் அந்நிறுவனம் 1.4 கோடி டாலர் செலுத்த உடன்பட்டு வழக்கு முடிந்தது.

கேள்வி: வணிகக் கப்பலில் இரண்டாம் அதிகாரி என்று அறிமுகமானார். மூன்று மாதம் பேசினோம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கப்பல் வருகிறது, எனக்கு வாங்கிய நகையைச் சுங்கத்தில் பிடித்துவிட்டார்கள் என்றார். இரண்டு தவணையாக 86,000 ரூபாய் அனுப்பினேன். நேற்று முன்தினம் முதல் எண் இயங்கவில்லை. வீட்டில் சொல்ல முடியவில்லை. நான் முட்டாளா?
(பெண், 38, ஸ்பிக் நகர்)

பதில்: இல்லை, அம்மா. துறைமுக நகரில் கப்பல்காரர் என்று சொன்னால் நம்பத்தான் தோன்றும். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த வேடத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். மூன்று மாதம் தினமும் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒருவரை நம்பியது உங்கள் குற்றமாகாது. அந்த நம்பிக்கையைத் திட்டமிட்டு வளர்த்து விலைபேசியவர்கள்தான் குற்றவாளிகள்.

இதைப் படித்து முடிக்கும் முன்பே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவில் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் போன கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண்கள், அனுப்பிய தேதி, நேரம், பெற்றவரின் யுபிஐ முகவரி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். உரையாடலை அழித்துவிடாதீர்கள், வெட்கத்தில் பலர் முதலில் செய்யும் தவறு அது, சாட்சியும் அதோடு போய்விடும். பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று இனி யாராவது கட்டணம் கேட்டு அழைத்தால், அவரும் அதே கூட்டம் என்று கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு அக்காவோ தோழியோ, ஒருவரிடமாவது சொல்லி, காவல் நிலையத்துக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: சுங்கத் தீர்வை தனியார் ஒருவரின் யுபிஐ முகவரிக்குச் செலுத்தப்படுவதில்லை. இந்தியக் கடலோடிகளுக்கு இன்டோஸ் எண் என்ற அடையாள எண் உண்டு; கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். உண்மையான கப்பல்காரர் அந்த எண்ணைச் சொல்லத் தயங்க மாட்டார்.

கேள்வி: சந்திக்க வருகிறேன் என்று சொன்ன பெண்ணுக்கு ரயில் டிக்கெட்டுக்கு 1,800 ரூபாய் அனுப்பினேன். வரவில்லை. அடுத்த மாதம் வேறொருவருக்கு 2,200. போன வாரம் மூன்றாமவருக்கு 3,000. சட்டத்தில் வழி உண்டா?
(ஆண், 41, தூத்துக்குடி அருகே உள்ள புதுக்கோட்டை)

பதில்: சட்டத்தில் வழி உண்டு, 1930க்கு மூன்றையும் சொல்லுங்கள். ஆனால் முதல் இழப்புக்குப் பிறகும் முகம் பார்க்காத ஒருவருக்கு இரண்டு முறை பணம் அனுப்பியிருக்கிறீர்கள். இதே பக்கத்தில் இதுபற்றி இரண்டு முறை எழுதியிருக்கிறேன். பார்க்க விரும்பினால் நீங்கள் பயணச்சீட்டு எடுத்து அவர் ஊருக்குப் போங்கள். அதற்கு முன் ஐந்து நிமிடம் காணொளியில் பேசுங்கள்.

கேள்வி: ஊரில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் அப்பாவின் அலுவலகக்காரர்கள். யாராவது என் படத்தைப் பார்த்து வீட்டில் காட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் செயலியைத் திறப்பதே இல்லை. மறைநிலை வசதிக்குப் பணம் கட்டலாமா?
(பெண், 27, தூத்துக்குடி)

பதில்: உங்களைப் போன்றோருக்கு மட்டும், பணம் கட்டத் தகுந்த ஒரே வசதி இது என்பேன். மறைநிலையில், நீங்கள் விருப்பம் தெரிவித்தவர்களுக்கு மட்டுமே உங்கள் படம் தெரியும். அதற்கு முன், தொடர்பு எண்களைத் தடுக்கும் இலவச வசதி உங்கள் செயலியில் இருக்கிறதா என்று பாருங்கள். சித்தப்பா, மாமா மகன், அலுவலக எண்கள் எல்லாவற்றையும் அதில் சேர்க்கலாம். வீட்டு வாசல், வண்டி எண், பணியிட அடையாள அட்டை தெரியும் படங்களைப் போடாதீர்கள். முதல் சந்திப்பு பகலில், ஆட்கள் நடமாடும் உணவகத்தில் இருக்கட்டும். இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள், தோழி ஒருத்திக்குத் தெரிவித்துவிட்டுப் போங்கள். அவர் ஒரு குறிப்பிட்ட கடைக்குத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தினால் போகாதீர்கள். பெருநகரங்களில் கடைக்காரரோடு கூட்டுச் சேர்ந்து பல்லாயிரம் ரூபாய் ரசீது நீட்டும் மோசடி ஆண்களைக் குறிவைத்து நடந்திருக்கிறது; இந்த எச்சரிக்கை இருபாலருக்கும் பொருந்தும்.

கேள்வி: செயலிக்கென்றே படம் எடுத்துத் தரும் ஸ்டுடியோ 12,000 ரூபாய் கேட்கிறது. உண்மையில் பயன் உண்டா?
(ஆண், 30, மீளவிட்டான்)

பதில்: நல்ல படம் பயன்தரும், அந்த விலை பயன்தராது. நானும் ஒரு ஸ்டுடியோவுக்கு 7,500 ரூபாய் கொடுத்தேன். தோலை மெழுகு போலத் தீட்டித் தந்தார்கள். நேரில் சந்தித்த ஒருவர் என்னைக் கடந்து போய் அடுத்த மேசையில் தேடினார். அன்று மாலையே அந்தப் படங்களை நீக்கினேன். நம் ஊர்க் கடற்கரை கிழக்கு பார்த்தது. காலை ஆறரை மணிக்கு முத்துநகர் கடற்கரையில் கடலைப் பார்த்து நில்லுங்கள். சாய்ந்த இளவெயில் முகத்தில் நேராக விழும். ஒரு நண்பரை அலைபேசியில் எடுக்கச் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடியும், பத்துப் பேர் நிற்கும் குழுப் படமும் வேண்டாம். சுயகுறிப்பில் ‘பயணம், இசை பிடிக்கும்’ என்று எழுதாமல், ஞாயிற்றுக்கிழமை எங்கே பரோட்டா சாப்பிடுவீர்கள், எந்த வேலை பார்க்கிறீர்கள், திருமணத்தை நினைத்து வந்திருக்கிறீர்களா இல்லையா என்பதை நேராக எழுதுங்கள். ஆட்கள் குறைவான ஊரில் எதிராளி உங்கள் குறிப்பை முழுதாகப் படிப்பார்.

கேள்வி: பாளையங்கோட்டையைச் சேர்ந்த ஒருவரைச் செயலியில் சந்தித்து எட்டு மாதமாகிறது, இரு வீட்டிலும் பேசிவிட்டோம். எனக்கு நான்கு மாதச் சந்தா மீதியிருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
(பெண், 33, தூத்துக்குடி)

பதில்: பெரும்பாலும் கிடைக்காது, வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கேட்டிருந்தால் கூகுளிடம் வாய்ப்பு இருந்திருக்கும். உங்கள் கடிதம் எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தந்தது. இப்போது தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்துங்கள். அதன்பின் செயலியை நீக்கும் முன்பாகவே, அதன் அமைப்புகளுக்குள் சென்று கணக்கையே அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் படம் அங்கேயே கிடந்து யாருக்காவது தெரிந்துகொண்டிருக்கும். அடுத்த முறை சந்திக்கும்போது இருவரும் பக்கத்தில் அமர்ந்து இதைச் சேர்ந்தே செய்துவிடுங்கள், அவருடைய கணக்கையும் சேர்த்து.