கொங்கு வழியில் ஓர் இரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நெடும்பயணத்தின் நடுவே கண்ணுக்குக் குளிர்ச்சியான ஓரிடத்தில் ஓர் இரவு தங்கிச் செல்வது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் எந்த இடம் அழகு என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கொங்கு நாட்டின் எல்லைகளில் மலையும் காடும் சூழ்ந்திருப்பதால், பொழுதைக் கணக்கிடாமல் இடத்தைத் தேர்ந்தெடுக்க இங்கே இயலாது.

கேள்வி: வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் முடிந்ததும் கோவையிலிருந்து மைசூருக்குக் காரில் கிளம்புகிறோம். திம்பம் மலைமேல் இரவு தங்கி, காலைப் பனியைப் பார்க்க ஆசை. ஆறரை மணிக்குப் புறப்பட்டால் போதுமா? (கோவை வாசகர்)

போதாது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் வழியே செல்லும் இந்தச் சாலையில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 பிப்ரவரி முதல் இரவு நேரப் போக்குவரத்துத் தடை நடைமுறையில் இருக்கிறது. கார்களுக்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வழியில்லை. சரக்கு வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. கோவையிலிருந்து அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அதற்கு மேல் பண்ணாரிக்கு ஒரு பன்னிரண்டு கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை மாலையில் கணபதியையும் சரவணம்பட்டியையும் தாண்டவே எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும். எல்லாம் கூடிவந்தாலும், 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் ஏற வேண்டியிருக்கும். பார்க்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படும் எதுவும் அப்போது கண்ணில் படாது.

ஆகவே முதல் இரவைச் சத்தியமங்கலத்தில் கழியுங்கள். நகர விடுதிகளின் முகப்பில் அழகு எதுவும் இல்லைதான், ஆனால் பவானிசாகர் அணை அங்கிருந்து பக்கம். 1955இல் கட்டி முடிக்கப்பட்ட, 105 அடி நீர்மட்டக் கணக்குக் கொண்ட இந்த அணை பெரும்பகுதி மண்கரையாலானது. சனிக்கிழமைக் காலை சிறிது நேரம் அங்கே செலவிட்டுவிட்டுப் பிறகு மலையேறலாம். பண்ணாரிச் சோதனைச் சாவடி திறந்தவுடன் ஆறு மணிக்கே முண்டியடித்துக்கொண்டு ஏற வேண்டாம் என்பது என் கருத்து. இரவெல்லாம் காத்திருந்த வண்டிகள் அந்த நேரத்தில்தான் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். முன்னே போகும் லாரியின் புகையை மூச்சில் வாங்கிக்கொண்டே 27 வளைவுகளையும் ஏற வேண்டிவரும். ஏழரை மணிக்கு மேல் சாலை சற்று ஓய்ந்திருக்கும், வெயில் காலம் தவிர மற்ற மாதங்களில் பனியும் முழுதாக விலகியிருக்காது.

வளைவுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீண்ட லாரி திரும்பும்போது சாலையின் முழு அகலமும் அதற்குத் தேவைப்படும். முன்பகுதி வெளிவிளிம்பைத் தொட்டுக்கொண்டு வரும்போதே பின்சக்கரங்கள் உள்விளிம்பை அரைத்துக்கொண்டு வரும். எனவே மேலேயோ கீழேயோ லாரி தெரிந்தால், வளைவுக்கு முன்பாகவே ஒதுங்கி நின்று, அது முழுவதும் திரும்பிய பிறகு நகருங்கள். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதியானாலும், லாரி இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த விதியை அதன் ஓட்டுநருக்கு நினைவூட்ட முயல்வது புத்திசாலித்தனம் அல்ல.

மலைமேலேயே தங்குவதென்றால் திம்பத்தைவிட ஆசனூர் வசதியானது. சனிக்கிழமை பகலில் ஏறி அங்கே தங்கி, ஞாயிறன்று மைசூருக்குச் செல்லுங்கள். ஆசனூருக்கு அப்பால் காரப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம், கரும்பு ஏற்றிவரும் லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலைக்கு வருவது வாடிக்கை. யானை நிற்பதைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஹாரன் அடிப்பதும், விளக்கை மினுக்குவதும், கதவைத் திறந்து படமெடுக்க இறங்குவதும் கூடவே கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் அது போன பிறகே நீங்கள் போக வேண்டும்.

கேள்வி: பெங்களூரிலிருந்து குருவாயூருக்கு வயதான பெற்றோருடன் செல்கிறோம். வழியில் ஏற்காடு, கொல்லிமலை இரண்டில் எங்கே தங்கலாம்? (பெங்களூரில் வசிக்கும் நாமக்கல் வாசகர்)

உங்கள் ஊர்ப் பெருமையைக் குறைப்பதாக எண்ண வேண்டாம். கொல்லிமலை இந்தப் பயணத்துக்கு உகந்ததல்ல. காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தலைசுற்றல், வாந்தி உள்ளவர்களுக்கு அதைவிடச் சோதனை வேறில்லை. மேலே போனாலும் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அறப்பளீஸ்வரரை வணங்கிவிட்டு அறையில் அமர்ந்திருக்க வேண்டியதுதான். வல்வில் ஓரியின் மலைக்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்கிச் செல்லுங்கள்.

ஏற்காடு அவ்வளவு கடினமில்லை: சேலத்திலிருந்து 20 வளைவுகள், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஆனால் கோடையிலும் வார இறுதியிலும் கூட்டம் நெருக்கும். மறுநாள் காலை அத்தனையும் இறங்கி வந்தபின்தான் உங்கள் நெடுஞ்சாலைப் பயணமே தொடங்கும்.

பெற்றோரை முன்னிட்டு நான் சொல்வது மலையே ஏறாத மூன்றாவது வழி. தொப்பூரில் சேலம் சாலையை விட்டுப் பிரிந்து, மேச்சேரி வழியாக மேட்டூரை அடைந்து, அங்கிருந்து காவிரியின் வலக்கரையை ஒட்டி அம்மாப்பேட்டை வழியாகப் பவானிக்குச் செல்லும் சாலை ஒன்று உண்டு. சேலம் நகர நெரிசல் முற்றிலும் தவிர்ந்துவிடும். 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையைப் பிற்பகலில் பார்த்துவிட்டு, நெருஞ்சிப்பேட்டைக் கதவணைப் பக்கம் சற்று நிறுத்தினால், எதிர்க்கரையில் பூலாம்பட்டியும், இரு கரைக்கும் இடையே ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகும் தெரியும். தேங்கி நிற்கும் அந்த அகன்ற நீர்ப்பரப்பைச் சாயங்கால வெயிலில் பார்ப்பதற்கு வளைவு ஒன்றுகூட ஏற வேண்டியதில்லை. இரவு பவானியில் தங்கி, காலையில் கூடுதுறையில் சங்கமேஸ்வரரைத் தரிசித்துவிட்டு, பெருந்துறை, அவிநாசி வழியாகப் பாலக்காட்டுச் சாலையைப் பிடிக்கலாம். கட்டில்மேல் விரிக்க ஒரு பவானி ஜமுக்காளம் வாங்கிக்கொள்வதானால் பேரம் பேசும் பொறுப்பை அம்மாவிடம் விட்டுவிடுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை: தொப்பூர் இறக்கத்தைப் பகலில் கடந்துவிடுங்கள். நெடிய சரிவில் பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் முன்னே செல்லும் வண்டிகள்மீது மோதிய விபத்துகள் அங்கே பல. உங்களுக்குப் பின்னால் பாரமேற்றிய வண்டி வந்தால் வழிவிட்டு முன்னே போகவிடுங்கள்.

கேள்வி: ஜூலையில் வால்பாறையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்கு இறங்க எண்ணுகிறோம். சரியா? (திருப்பூர் வாசகர்)

பாதை சரி; மாதம்தான் யோசிக்க வேண்டியது. தென்மேற்குப் பருவமழையின் முழு வேகத்தையும் வாங்கும் ஊர் வால்பாறை. அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. ஜூலையில் அருவிகள் பெருக்கெடுக்கும் என்பது உண்மைதான். அதே மழையில் மண் சரியும், மரம் விழும், மூடுபனியில் எதிரே பத்தடி தெரியாது, தேயிலைத் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அட்டை ஏறும். செப்டம்பர் பிற்பகுதிக்குத் தள்ளிவைத்தால் பசுமையும் குறையாது, பயமும் குறையும்.

2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதலே இம்முறை இருக்கிறது. வீட்டிலிருந்தே பதிவு செய்துகொள்ளுங்கள், சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு செல்பேசிச் சிக்னலைத் தேட வேண்டியிருக்காது. பொள்ளாச்சியில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, மதிய உணவுக்குப் பிறகு தாமதிக்காமல் ஆழியாறு சாவடியைத் தாண்டிவிட்டால், 40 வளைவுகளும் நல்ல வெளிச்சத்தில் கிடைக்கும். ஒன்பதாவது வளைவில், இச்சாலையை அமைத்த பொறியாளர் லோமின் பெயரால் வழங்கும் காட்சிமுனையிலிருந்து ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் தெரியும். அந்தப் பாறைச் சரிவுகளில் வரையாடுகளும், மேலே புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகளும் சாலையோரத்துக்கே வரும். தின்பண்டம் ஒன்றும் போடாதீர்கள். சாலைக்கு வந்து பழகிய குரங்கு சக்கரத்தில் அடிபட்டுச் சாகிறது.

பொழுது சாய்ந்தபின் குழந்தைகளைத் தங்குமிடத்துக்கு வெளியே, அதிலும் தேயிலைச் செடிகளுக்கு அருகே, தனியே விடக்கூடாது. சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் உயிரிழந்த ஊர் இது. யானை அருகில் நடமாடுவதை அறிவிக்க ஆங்காங்கே சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் அமைக்கப்பட்டுள்ளன. அது எரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். மறுநாள் சோலையாறு, மளுக்கப்பாறை வழியான காட்டுச்சாலை மாலைக்குப் பின் அடைக்கப்படும் என்பதால், காலை உணவை முடித்தவுடன் கிளம்பிவிடுவது நல்லது.

கேள்வி: ஆழியாறு அணைக்கரையில் காரை நிறுத்தி உள்ளேயே தூங்கலாமா? அல்லது கூடாரம் அடிக்கலாமா? (கரூர் வாசகர்)

இரண்டுமே வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியின்றிக் கூடாரம் அடிப்பது சட்டப்படி குற்றம். அணையை ஒட்டிய பகுதிகள் யானைகள் நீருக்கு வரும் தடங்களாகவும் இருக்கின்றன. காரில் படுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், நெடுஞ்சாலையில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க்கில் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. புகைக்குழாயில் கசிவிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது என்பதால், தூங்குபவர் விழித்துக்கொள்ளவே மாட்டார்.

கேள்வி: டாப்சிலிப்பில் இரவு தங்க நேரில் போய் அறை கேட்கலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

கேட்கலாம், பெரும்பாலும் கிடைக்காது. அங்குள்ளவை வனத்துறையின் விடுதிகள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொண்டு, மாலைக்கு முன் சேத்துமடைச் சாவடியைக் கடக்க வேண்டும்.

கேள்வி: காற்றாலைகளின் நடுவே சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு மறுநாள் மூணாறு செல்ல விரும்புகிறோம். எங்கே தங்குவது? (ஈரோடு வாசகர்)

உடுமலையில் தங்குங்கள். தாராபுரத்திலிருந்து உடுமலை வரும் வழியில் சாலையின் இருபுறமும் காற்றாலைகள்தான். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டிருப்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவக்காற்று அதன் வழியே நேராக இந்தச் சமவெளியில் பாய்கிறது. இறக்கைகள் முழு வேகத்தில் சுழல்வதைப் பார்க்க அந்த மாதங்களே ஏற்றவை. இருசக்கர வண்டியில் வருபவர்களை அதே காற்று பக்கவாட்டில் தள்ளும், நிதானம் தேவை. கையில் நேரமிருந்தால் திருமூர்த்திமலை அடிவாரத்தில் அமணலிங்கேஸ்வரர் கோயிலும் அணையும் மாலைப் பொழுதுக்குப் போதுமானவை. மேலே மழை பெய்தால் பஞ்சலிங்க அருவியில் திடீரென வெள்ளம் வரும். குளிக்க வேண்டாம் என்று கோயில் ஊழியர் சொன்னால் வாதாடாதீர்கள். அமராவதி அணைப்பக்கம் போனால் முதலைப் பண்ணையைப் பாருங்கள். நீர்த்தேக்கத்திலும் முதலைகள் உண்டு என்பதால் நீரில் இறங்க வேண்டாம். மூணாறு செல்லும் சாலை சின்னாறு காட்டின் வழியே போவதால் இரவில் அடைக்கப்படும். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மறையூரில் தேநீர் நேரத்துக்குப் போய்விடலாம்.

கேள்வி: பதினான்கு பேர் வாடகை வேனில் கொல்லிமலை செல்கிறோம். எதை முதலில் கவனிக்க வேண்டும்? (சேலம் வாசகர்)

ஓட்டுநர் எங்கே படுப்பார் என்பதை. பெரும்பாலான குழுக்கள் தங்களுக்கு அறை போட்டுவிட்டு, அவரை வண்டியின் பின்னிருக்கையில் கொசுவோடு விட்டுவிடுகின்றன. தூக்கம் கெட்ட அவரே மறுநாள் 70 வளைவுகளிலும் உங்களை இறக்கிக் கொண்டுவர வேண்டும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல், இரண்டாம் கியரில் இன்ஜின் பிடிப்பிலேயே வண்டியைக் கொண்டுவருவதற்கு விழிப்பும் பொறுமையும் வேண்டும். மலைச்சாலை அனுபவம் உள்ளவர்தானா என்று வண்டி பேசும்போதே விசாரியுங்கள். பேட்டா எவ்வளவு, இரவுச் சாப்பாடு யார் செலவு என்பதையும் அப்போதே முடித்துக்கொள்ளுங்கள். விடுதியில் அறை பதியும்போது ஓட்டுநருக்குப் படுக்கையும் குளியலறையும் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அவருக்கும் ஓர் அறை சேர்த்துப் போடுங்கள், பதினான்கு பேர் பகிர்ந்தால் தலைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது.