4294967297 பகா எண்ணா? கணினி இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

பகா எண் இல்லை. 641-ஐ 6700417-ஆல் பெருக்கினால் இது வந்துவிடும். ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிதான் முக்கியம்.

போன ஐப்பசி மழையில் தக்கலையில் கரண்ட் போய்க் கிடந்த ஒரு சாயங்காலம், பத்தாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் இதே எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனாள். அப்படிப் போனால் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை போக வேண்டும், அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. "மக்களே, வகுக்கிறதை நிறுத்து, இந்த எண் எப்படி உண்டானதுன்னு முதல்ல பாரு" என்றேன்.

இது 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டியது. 32-க்குப் பதில் 1, 2, 4, 8, 16 என்று அடுக்கு வைத்தால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் இதே குடும்பம், அவை ஐந்தும் பகா எண்கள், அதனால் அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அதை உடைத்தார். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்று அவர் காட்டினார், பின்னால் 1878-இல் லூகா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அதை 128-இன் மடங்கு என்று இன்னும் இறுக்கினார். அப்போ 129, 257, 385, 513, 641. இதில் பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டும். 257-ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்த முயற்சியே 641!

"சித்தப்பா, வகுக்காமலே 641 போகும்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். முடியும், எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடமே அதுதான். 641 = 5⁴ + 2⁴, அதாவது 625 + 16. இதை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³², இது 641-ஆல் வகுபடும். இன்னொரு பக்கம் 5⁴ × 2²⁸ என்பது 640⁴ தான் (5 × 2⁷ = 640 இல்லையா). 640⁴-இல் 1 கழித்தால் அதற்கு 640 + 1 ஒரு காரணி, எனவே அதுவும் 641-ஆல் வகுபடும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள், மிஞ்சுவது 2³² + 1. ஒரு வகுத்தல்கூட இல்லை! மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தக் கழித்தலை அவளே எழுதி முடித்தாள்.

அப்புறம் 6700417 பகா எண்தானா என்றும் பார்க்க வேண்டும். அதன் வர்க்கமூலம் 2588-ஐத் தாண்டி கொஞ்சம், அதற்குள் 128 கணக்கில் வரும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. ஐந்தே வகுத்தல், ஐந்திலும் மீதி வருகிறது.