ஹெல்சிங்கி – டோக்கியோ: 7,800 கிலோமீட்டருக்கு 13 மணி நேரமா?

கேள்வி: ஹெல்சிங்கியில் வேலை பார்க்கிறேன். ஜனவரியில் டோக்கியோ போகிறேன். தூரம் 7,800 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் ஒன்பது மணி நேரம்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் மாலை 5:45-க்குப் புறப்பட்டு மறுநாள் மதியம் 1:45-க்கு டோக்கியோவின் நரிதா விமான நிலையத்தில் இறங்குவதாக இருக்கிறது. 3:30-க்கு அங்கிருந்து ஒசாகாவுக்குத் தனி டிக்கெட் போடலாமா?

பதில்: முதலில் கடிகாரத்தைச் சரிசெய்துவிடுவோம். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். குளிர்காலத்தில் டோக்கியோ 7 மணி நேரம் முன்னால் இருக்கிறது (கோடையில் 6). நீங்கள் பார்த்த 20 மணி நேரத்தில் அதைக் கழித்தால் பயணம் 13 மணி நேரம்.

அப்படியும் நான்கு மணி நேரம் உதைக்கிறது. 7,800 என்பது உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் பெரும்பாலும் ரஷ்யாவின் மேல்தான் போகிறது. 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்களுக்கு மூடியது. அதுவரை ஒன்பதரை மணி நேரம் போல ஆன பயணம் இது. இப்போது பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவன விமானங்களுக்கு இரண்டு வழிகள். தெற்கே துருக்கி, காஸ்பியன் கடல், கஜகஸ்தான், சீனா வழியாகப் போகலாம். அல்லது நார்வே, அதற்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகள் தாண்டி வடதுருவத்தின் மேலேறி அலாஸ்கா பக்கம் இறங்கலாம். ஹெல்சிங்கியிலிருந்து துருவத்துக்கே 3,300 கி.மீ.; முழு வழியும் 11,000-ஐத் தாண்டிவிடும். சோவியத் காலத்திலும் இதே நிலைமைதான். 1983-இல் ஃபின்ஏர் டிசி-10 விமானத்தைத் துருவம் வழியாக எங்கும் நிற்காமல் டோக்கியோவுக்கு ஓட்டியது.

எந்த வழி என்பது பெரும்பாலும் அன்றைய காற்றைப் பொறுத்தது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் உயரக் காற்று மணிக்கு 300 கி.மீ.-ஐத் தாண்டுவதுண்டு. (பலூன் விட்டு இதை முதலில் அளந்த ஜப்பானியர் ஓஇஷி வசபுரோ 1926-இல் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் அறிக்கை வெளியிட்டார். வெளியுலகம் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்கு இன்னும் மனம் ஆறாத விஷயம் இது.) தெற்கு வழியில் போகும்போது அந்தக் காற்று முதுகில் தள்ளும், அதே வழியில் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதனால் இறங்கும் நேரம் முன்பின் ஆகலாம்.

இனி உங்கள் 3:30 விமானம். வேண்டாம். தனி டிக்கெட் என்றால் குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், டெர்மினலும் மாறலாம். முதல் விமானம் அரை மணி தாமதமானாலே அடுத்தது போய்விடும், பணமும் திரும்பாது. அதைவிட நரிதா எக்ஸ்பிரஸ் ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் டோக்கியோ நிலையம் போய், ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயிலைப் பிடியுங்கள். ஒசாகாவில் அது நிற்கும் ஷின்-ஒசாகா நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம். ஒன்றைத் தவறவிட்டாலும் சிறிது நேரத்தில் அடுத்தது வரும். விமானம்தான் வேண்டுமென்றால் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். தவறவிட்டால் மாற்று ஏற்பாடு நிறுவனத்தின் பொறுப்பு.

அப்புறம் தூக்கம். நீங்கள் கிளம்பும்போதே டோக்கியோவில் நள்ளிரவு தாண்டியிருக்கும். எனவே சாப்பாடு வந்ததும் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே தூங்கப் பாருங்கள். படத்தைக் கடைசி நான்கு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.