எட்டாயிரம் கார்களும் ஒரு மலைப்பாதையும்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்கு வந்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வந்து சேரவே மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. ஸ்விட்சர்லாந்தில் மலையைக் குடைந்து சாலை போடுகிறார்கள். நம் நாட்டில் ஒரு மலைப்பாதையை நான்கு வழிச்சாலை ஆக்க இத்தனை யோசனையா? சாலையை அகலப்படுத்தாமல் இ-பாஸ் என்று ஆட்களை மறிப்பதுதான் முன்னேற்றமா? அடுத்த மே மாதமாவது நிம்மதியாக வரலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் மூன்றரை மணி நேரத்துக்கு வருந்துகிறேன். அதே மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானும் அந்தப் பாதையில்தான் வந்தேன், அரசு பஸ்ஸில். எங்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆனது. நின்றுகொண்டு வந்தவர்களையும் சேர்த்தால் பஸ்ஸில் அறுபது பேர் இருந்திருப்போம். சந்தைக்குப் போய்த் திரும்பும் ஒரு பாட்டி பர்லியாரிலிருந்து காட்டேரி வரை எல்லாக் கார்க்காரர்களையும் பரம்பரை பரம்பரையாகத் திட்டிக்கொண்டே வந்தார். அவர் சொன்னதை இங்கே அச்சிட முடியாது. ஆனால் கணக்கு என்னவோ பாட்டி பக்கம்தான்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இ-பாஸ் என்பது வெளியூர் வண்டி மலையேற இணையத்தில் வாங்கும் அனுமதி. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு அதில் வைத்த வரம்பு, வார நாட்களில் நாளுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. ஒரு கார் நான்கு மீட்டர் நீளம், முன்வண்டியில் இடிக்காமல் நிற்க இரண்டு மீட்டர் இடைவெளி என்று வையுங்கள். 8,000 கார்களை வரிசையாக நிறுத்தினால் 48 கிலோமீட்டர் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதாவது 'ஆட்களை மறிக்கிறது' என்று நீங்கள் கோபப்படும் அந்த வரம்பே, மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து ஊட்டி சேரிங்கிராஸ் வரைக்கும் ஒரு பக்கம் முழுக்கக் கார்களை நிறுத்திவைக்கப் போதும். எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதில்லையே என்பீர்கள். சீசன் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கல்லாறு சோதனைச் சாவடியில் வந்து நின்று பாருங்கள்.

இதே 8,000 கார்களில் காருக்கு நான்கு பேர் என்றால் 32,000 பேர். ஐம்பது சீட் பஸ்ஸில் ஏற்றினால் 640 நடை. இடைவெளியையும் சேர்த்து ஒரு பஸ்ஸுக்கு 20 மீட்டர் கொடுத்தாலும் மொத்த வரிசை 13 கிலோமீட்டரைத் தாண்டாது. அரசு பஸ்களுக்கு இ-பாஸ் வரம்பும் கிடையாது. வரம்பு ஆட்களுக்கு இல்லை, ஆட்கள் ஏறிவரும் தகரத்துக்குத்தான்.

சரி, நான்கு வழிச்சாலை. இந்தியாவின் சாலைகளை எல்லாம் கூட்டினால் 63 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். நீளத்தில் உலகில் இரண்டாவது இடம். சாலை போடத் தெரியாத நாடு இல்லை இது. ஆனால் மலையில் அகலப்படுத்துவது என்றால் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மலையின் காலைத்தான் வெட்ட வேண்டும். காலை வெட்டினால் மேலே உட்கார்ந்திருக்கும் மண் எதன்மேல் நிற்கும்? 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் சரிவுகள் விழுந்து நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் இதே மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்த மழை 91 சென்டிமீட்டர். சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே 140 சென்டிமீட்டர்தான். அந்தத் தண்ணீர் இறங்கும் வழியில் நான்கு வழிச்சாலைக்காக நெட்டுக்குத்தாக ஒரு வெட்டுச் சுவர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்ஜினியர் வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் மண்சுவர் உள்ள எந்தக் குன்னூர்க்காரரும் சொல்வார்.

மண்ணே தாங்கும் என்று வையுங்கள். அப்போதும் ஊட்டி அதே ஊட்டிதான். கமர்சியல் ரோடும் தாவரவியல் பூங்கா ரோடும் வளரப்போவதில்லை. புனலின் வாயைப் பெரிதாக்கினால் எண்ணெய் சீக்கிரம் இறங்காது. அடிக்குழாய் பழைய குழாய்தானே. கூடவே, நெரிசலுக்குப் பயந்து இதுவரை வராமல் இருந்தவர்கள், ரோடு பெரிதாகிவிட்டதாம் என்று கிளம்பி வருவார்கள்.

இனி ஸ்விட்சர்லாந்து. உதாரணம் சொன்னதற்கு நன்றி, எனக்கு வேலை மிச்சம். அங்கே கோட்ஹார்ட் சாலைச் சுரங்கம் 1980இல் திறந்தது, 16.9 கிலோமீட்டர். போக ஒரு தடம், வர ஒரு தடம், அவ்வளவுதான். விடுமுறை நாட்களில் அதன் வாயிலும் கிலோமீட்டர் கணக்கில் வண்டிகள் நிற்கின்றன. ஆனாலும் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் சாலைகளின் கொள்ளளவைக் கூட்டக் கூடாது என்று 1994இல் மக்களே வாக்களித்து அரசியலமைப்பில் எழுதிவைத்தார்கள். இரண்டாவது சுரங்கம் வெட்ட 2016இல் சம்மதம் கொடுத்தபோதும், ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரு தடம்தான் ஓட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். 2001இல் உள்ளே லாரிகள் மோதித் தீப்பிடித்துப் பதினொரு பேர் இறந்த பிறகு, லாரிகளை எண்ணி எண்ணி, சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே விடுகிறார்கள்.

ஜெர்மாட் என்று ஒரு மலை ஊர் இருக்கிறது, நம் ஊட்டி மாதிரி சுற்றுலாவிலேயே பிழைப்பது. பெட்ரோல், டீசல் கார் அங்கே நுழையவே முடியாது. ஐந்து கிலோமீட்டர் கீழே டேஷ் என்ற ஊரில் காரைப் போட்டுவிட்டு ரயிலேற வேண்டும். ஊர் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று நம்மூரில் கடையடைப்பு நடத்தியவர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

நமக்கு டேஷ் எது? மேட்டுப்பாளையம்தான். சமவெளியில் இடம் இருக்கிறது. அங்கே வண்டி நிறுத்த ஒழுங்கான இடமும், சீசனில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்ஸும், பெட்டி படுக்கை வைக்க அந்தப் பஸ்ஸில் வசதியும் செய்தால் பாதிக் கார் மலையேறாது. பஸ் அழுக்காக இருந்தால் யாரும் ஏற மாட்டார்கள் என்பதும் உண்மை, அது அரசின் வேலை. சீசனில் சுற்றுலா வண்டிகளுக்குக் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழியாக்குவதை இப்போதே செய்கிறார்கள். ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் ஏறக்குறைய இரண்டு தடமும் ஒரே திசைக்குக் கிடைக்கிறது. திருப்பதி மலையில் வருடம் முழுக்க அப்படித்தான், ஏற ஒன்று, இறங்க ஒன்று.

ரோட்டையே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொண்டை ஊசி வளைவுகளை மட்டும் கொஞ்சம் விரிக்கலாம். நடுநடுவே பஸ் ஒதுங்க இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓரச் சாக்கடையை மழைக்கு முன் தூர்வார வேண்டும். ரிப்பன் வெட்டி விழா எடுக்க முடியாத வேலை என்பதால் அது கடைசியில்தான் நடக்கும்.

வண்டி ஓட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்று எங்கள் பஸ் நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் நின்றது ரோடு குறுகல் என்பதால் அல்ல. வளைவில் திரும்ப பஸ்ஸுக்கு முழு அகலமும் வேண்டும்; அது தெரியாத ஒருவர் வரிசையை விட்டு வலப்பக்கம் ஏறி முந்தப் பார்த்தார், பின்னாலேயே நான்கு பேர். எதிரே கீழிறங்கும் பால் வண்டி. முடிந்தது கதை. அதற்குள் எங்கோ ஓர் ஆம்புலன்ஸின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். பழக்கம் மட்டுமல்ல, சாலை விதியே அதுதான். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு என்பார்கள் எங்கள் பக்கத்து டிரைவர்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறிக் கருகும் நாற்றத்தோடு கல்லாறு வந்து சேரும் வண்டிகளை வாரா வாரம் பார்க்கிறோம்.

எங்கள் ஊர்க்காரர்களும் உத்தமர்கள் இல்லை. குன்னூர் பெட்போர்டில் மருந்து வாங்க 'ரெண்டே நிமிஷம்' என்று ரோட்டிலேயே ஜீப்பை விட்டுப் போகிறவரின் வண்டி எண் TN 43 அல்லாமல் வேறு என்ன?

அடுத்த மே வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். செப்டம்பர், அக்டோபரில் வாருங்கள், இரண்டாவது சீசன். அதுவும் செவ்வாய், புதனில். மேதான் முடியும் என்றால் காரை மேட்டுப்பாளையத்தில் விடுங்கள். மலை ரயில் காலை 7.10க்கு, ஆனால் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பஸ் ஏறுங்கள். பலாப்பழ சீசனில் பர்லியார் பக்கம் யானைகள் ரோட்டோரம் வரும். பஸ் உயரத்திலிருந்து குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியும். பாட்டி ஏறினால் மட்டும் எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.