போட்டுக்கு மாத்து ஆட்டோ பைலட்: வீல்ஹவுஸ்ல பாக்காதீங்க, சுக்கான்கிட்ட போயிப் பாருங்க

கோயமுத்தூர்ல உக்காந்துட்டு கடல் போட்டுக்கு பதில் சொல்றானேன்னு சிரிக்காதீங்க. நமக்கு கணபதில ஹைட்ராலிக் பட்டறை, பம்புக்கும் சிலிண்டருக்கும் சீல் மாத்தறதுதான் பொழப்பு, பாலக்காடு தாண்டுனா கொச்சி, அப்புடியே முனம்பம், பேப்பூருன்னு போட்டு ஸ்டேரிங் வேலைக்குப் போயிப் போயி பதினாறு வருசமாச்சுங்க. நம்ம பக்கத்து ஆளுக போட்டுல பங்கு போட்டிருக்கறவங்க, சொன்ன திக்குல போட்ட தானா ஓட்டிட்டுப் போற ஆட்டோ பைலட் பத்தி நெறையக் கேக்கறாங்க, அதான் ஒட்டுக்கா சொல்லீர்றேன்.

ஈரோட்டுல இருந்து: ஏனுங்ணா, மச்சானோட தூத்தூர் போட்டு, 70 அடி, கொச்சிலதான் கட்டியிருக்கு. பழைய ஆட்டோ பைலட் செத்துப்போச்சு. ஃபுருனோவா, சிம்ராடா, ரேமரினா, எத வாங்கறது?

தம்பி, இத நானும் பதினாறு வருசமா கேட்டுட்டு இருக்கறேன், எல்லாருக்கும் ஒரே பதில்தான், மொதல்ல வெர்னியரும் டேப்பும் எடுத்துட்டு அடில எறங்குங்க. போட்டத் திருப்பற பலகையான சுக்கானத் தள்ற சிலிண்டரோட போர், அதாவது உள் விட்டம் எத்தன, ராடு, அதாவது உள்ள போயி வர்ற கம்பியோட கனம் எத்தன, இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஸ்ட்ரோக் எத்தன, இந்த மூணும் இல்லாம கடைக்குப் போனீங்கன்னா கடைக்காரன் ஸ்கிரீனு பெருசா இருக்கறதக் காட்டி அனுப்பீருவான்.

இப்ப போர் 50 எம்எம், ராடு 20 எம்எம், ஸ்ட்ரோக் 230 எம்எம்னு வைங்க, ரெண்டு பக்கமும் ராடு நீட்டியிருக்கற சிலிண்டரு. போரோட ஸ்கொயர்ல ராடோட ஸ்கொயரக் கழிச்சு 0.785 ஆல பெருக்கி ஸ்ட்ரோக்கால பெருக்கினா, எல்லாத்தையும் சென்டிமீட்டர்ல போட்டுக்கோங்க, ஏறக்குறைய 380 சிசி வரும். சுக்கான் இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு 12 செகண்ட்ல போகோணும்னா பம்பு நிமிசத்துக்கு 1.9 லிட்டர் தள்ளோணும். 1 லிட்டர் பம்ப மாட்டுனீங்கன்னா 23 செகண்ட் ஆகும், பின்னால இருந்து அலை தூக்கறப்ப போட்டு திரும்பி முடிச்ச பொறவுதான் சுக்கான் வந்து சேரும். ஒரு பக்கம் மட்டும் ராடு இருந்தா ராடு கழிக்காத பக்கத்தக் கணக்குல எடுங்க, பம்புக்கு டேங்க் லைனும் கட்டாயம் வேணும்.

நீங்க சொன்ன மூணு கம்பெனியும் நல்ல சாமானுதான். எந்த ஹார்பர்ல போட்டு கட்டறீங்களோ அங்க சர்வீஸ் பண்ற ஆளு யாருகிட்ட இருக்கறானோ அதுதான் உங்க பிராண்டு.

அவரே மறுபடி: பம்பு ஓடுதுங்ணா. பட்டன் இருக்கற தலையும் கம்ப்யூட்டரும் மட்டும் மாத்துனா போதுமா?

போதும், ஆனா ரெண்டு விசயம் பாக்கோணும். பம்பு எந்த ரகம்னு பாருங்க. மோட்டாரு ரெண்டு பக்கமும் திருப்பிச் சுத்துதா, இல்ல எப்பவும் ஓடிக்கிட்டே இருந்து கரண்டுல வேல செய்யற சொலினாய்டு வால்வு தெறந்து மூடுதா? ரேமரின்ல இதுக்குத் தனித்தனி கம்ப்யூட்டர் டப்பா, ஏசியூன்னு பேரு, ஏசியூ-100 னா 7 ஆம்ப்ஸ், 200 னா 15, 400 னா 30, சொலினாய்டுக்கு 300. தப்பா வாங்குனா மாட்டவே முடியாது. அடுத்தது, சுக்கான் ஓரத்துல முட்டறப்ப பம்பு எத்தன ஆம்ப்ஸ் இழுக்குதுன்னு டிசி கிளாம்ப் மீட்டர் போட்டுப் பாருங்க, சும்மா ஓடறப்ப பாக்கறதுல பிரயோசனமில்ல. 24 வோல்ட் பம்புக்கு 12 வோல்ட் கம்ப்யூட்டரு வாங்கிட்டு வந்து நின்னவங்களையும் பாத்திருக்கறேன்.

திருப்பூர்ல இருந்து: எங்குளுது ஸ்டீல் போட்டுங்க. காம்பஸ் சரியா காட்டுமா?

வீல்ஹவுஸ், அதாவது போட்டு ஓட்டற ரூம்பு உள்ள வெச்சா காட்டாதுங்க, சுத்தியும் இரும்பு. மேல மாஸ்ட்ல ஏத்தலாம், ஆனா அங்க ஆட்டம் சாஸ்தி, சென்சார் குழம்பும். ஸ்டீலுக்கு நான் சாட்டிலைட் சிக்னல வெச்சு திக்கு காட்டற ஜிபிஎஸ் காம்பஸ்தான் சொல்லுவேன், காசு கூடத்தான், ஆனா காந்தமே கணக்குல இல்ல. மரம், ஃபைபர்னா சாதா காம்பஸே தாராளம். நம்ம தெக்கத்திக் கடல் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம், அதனாலதான் 1963ல திருவனந்தபுரத்துக்குப் பக்கம் தும்பால ராக்கெட் தளமே போட்டாங்க. இங்க பூமியோட காந்த இழுப்பு கிட்டத்தட்ட முழுசாவே படுக்கை வசத்துல கெடைக்குது, வட தேசத்துக்காரங்களுக்கு இருக்கற, முள்ளு கீழ சாயற அந்தத் தொந்தரவு நமக்கு இல்ல.

ஆனா ஆளுக பண்ற தொந்தரவு இருக்குதே! பேப்பூர்ல ஒரு ஃபைபர் போட்டு, பகல்ல நூல் புடிச்சாப்புல போகும், ராத்திரி ஆனா 15 டிகிரி ஒதுங்கிப் போயிரும். மூணு தடவ போயி செட்டிங் மாத்துனேன், என்றெ வேலைலதான் தப்புன்னு நெனச்சு எனக்கு ஒரே வெசனம். கடைசில பாத்தா சமையல்காரரு ராத்திரி பாட்டு கேக்கற ஸ்பீக்கர் பொட்டிய காம்பஸ் இருக்கற பலகைக்கு அக்கட்டால வெச்சுட்டுப் படுக்கறாரு. ஒரு மீட்டராச்சும் தள்ளி வைங்க சாமி.

பொள்ளாச்சில இருந்து: அண்ணா, எங்க வீட்டுக்காரரு பங்கு போட்டிருக்கற போட்டு ஆட்டோல போட்டா பாம்பாட்ட வளைஞ்சு வளைஞ்சு போகுதாம். புதுசு வாங்கோணும்ங்கறாங்க.

வேண்டாங்க அம்மிணி, கொஞ்சம் பொறுங்க. மொதல்ல எண்ணெய்ல காத்து இருக்குதான்னு பாக்கச் சொல்லுங்க. ஸ்டேரிங்க ஒரு ஓரத்துக்குத் திருப்பி முட்டுனதுக்கு அப்பறமும் ஸ்பிரிங்காட்ட கொழகொழன்னு போச்சுன்னா காத்துதான், பிளீட் பண்ணி அந்தக் காத்த வெளிய எடுத்தா சரியாயிரும். பொறவு சுக்கான் தண்டுக்கிட்ட ஃபீட்பேக் சென்சாருக்குப் போற சின்னக் கம்பி, அதுல பால் ஜாயிண்ட் தேஞ்சு லொடலொடன்னு இருந்தா கம்ப்யூட்டருக்கு சுக்கான் எங்க இருக்குதுன்னே தெரியாது, ரெண்டு டிகிரி ஆட்டத்துக்கே போட்டு வளையும். இது ரெண்டும் சரின்னா மட்டும் ரட்டர் கெயின, அதாவது திக்கு தப்பறப்ப சுக்கான எத்தன திருப்பறதுங்கற செட்டிங்க, கொறைங்க. எண்ணெய் கொறஞ்சா பிரேக் ஆயில் ஊத்தற பழக்கம் ஹார்பர்ல இருக்குது, சீலு ஊதிப்போயி ஒரே ட்ரிப்புல போயிரும், ஊத்த விடாதீங்க.

சூலூர் காலேஜ் தம்பி: சார், ராஸ்பெர்ரி பைங்கற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு வெச்சு நாமளே பண்ண முடியாதா? பைபைலட்னு ஓப்பன் சோர்ஸ் இருக்குதே.

இருக்குது, நல்லாவும் இருக்குது, பாய்மரப் படகுக்காரங்க ஓட்டறாங்க. ப்ராஜெக்ட்டுக்கு பண்ணுங்க, பட்டறைக்கு வாங்க, பழைய பம்பு ஒண்ணு சும்மா தாரேன். ஒரு மாசம் கடல்ல கெடக்கற போட்டுல பத்துப் பேரு உசுரோட மட்டும் பரிசோதனை வேண்டாம்.

கோபில இருந்து: ரூட்டு காட்டற பழைய பிளாட்டர் நல்லா இருக்குது. புது பைலட்டு கூட பேசுமா?

பழசு என்எம்இஏ 0183 ங்கற பாஷைதான பேசும், 4800 ஸ்பீடு, அதுல பைலட்டுக்கு ரூட்டு சொல்ற ஏபிபி வரி வெளிய வருதான்னு பாருங்க, வந்தா ரூட்டு புடிச்சுப் போகும். புது பைலட்டுல 0183 சொருவ எடம் இருக்குதான்னு வாங்கறப்பவே கேட்டுக்கோங்க, இல்லாட்டி நடுவுல கன்வர்ட்டர் போடோணும். நெட்வொர்க்கு புது பாஷையான என்எம்இஏ 2000 ஆ இருந்தா கரண்ட ஆஃப் பண்ணிட்டு ரெண்டு டேட்டா ஒயருக்கு நடுவுல மல்டிமீட்டர் வைங்க, 60 ஓம் காட்டோணும். 120 காட்டுச்சுன்னா ஒரு கடைசில டெர்மினேட்டர், அதாவது முடிவுல சொருவற ரெசிஸ்டர், இல்லைன்னு அர்த்தம்.

பவானிசாகர்ல இருந்து: அண்ணா எங்க பரிசலுக்கு ஏதாச்சும் மாட்டுவீங்களா?

அது சும்மாவே சுத்தும், நான் வேற மாட்டோணுமாக்கும்!

கரூர்ல இருந்து: எப்ப மாட்டறது நல்லதுங்க? மாட்டுன பொறவு போட்டு ஓட்டற ஸ்ராங்க் தூங்கலாமா?

தடைக்காலத்துல மாட்டுங்க, கெழக்குக் கடல்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு, கேரளாவுல டிராலிங் தடை ஜூலை 31 வரைக்கும். கடைசி வாரத்துல கூப்புடாதீங்க, அப்ப எங்குளுக்கு சோறு திங்க நேரமிருக்காது. தூங்கறது பத்தி, பைலட்டுக்கு கண்ணு கெடையாது, எதுக்க கப்பல் வந்தாலும் சொன்ன திக்குலயே நேராப் போயி முட்டும். ஆளு முழிச்சுத்தான் இருக்கோணும்.

ஈரோட்டுக்காரரே கடைசியா: பழைய ஒயரே இருக்கட்டுமாங்ணா?

எத்தன எம்எம்னு பாருங்க. 12 வோல்ட், பேட்டரில இருந்து 10 மீட்டர், 2.5 ஸ்கொயர் ஒயரு, 15 ஆம்ப்ஸ் இழுத்தா போயிட்டு வர்ற 20 மீட்டர்ல 2 வோல்ட்டுக்கு மேல போயிரும், பம்புகிட்ட 10 வோல்ட்டு கூட நிக்காது, கம்ப்யூட்டரு ரீசெட் ஆயி அலாரம் அடிக்கும், நீங்க எனக்கு போன் அடிப்பீங்க. 10 ஸ்கொயர் போடுங்க, ஈயம் பூசுன காப்பரா பாத்து வாங்குங்க. சிலிண்டர் அளவ எடுத்து அனுப்புங்க தம்பி, வியாழக்கெழமை முனம்பம் போறேன், அப்புடியே கொச்சி வந்து பாக்கறேன்.