குருதிப்புனல் – கடிதம்

அன்புள்ள சார்,

ஆர்.கே.புரத்தில் இருக்கிறேன். கடந்த இரண்டு மாதத்தில் தில்லியில் வாழ்ந்தவர்கள் எழுதிய இரண்டு நாவல்கள் படித்தேன். ஆதவனின் 'காகித மலர்கள்' பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் இருந்தது. அடுத்து இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. முடித்ததும் கோபம்தான் வந்தது. 44 பேர் எரிந்த கொடுமைக்குப் பண்ணையாரின் ஆண்மைக் குறையா காரணம்? இதற்கா 1977ல் சாகித்ய அகாதமி விருது? நான் படித்த விதம் தப்பா?

எஸ்., புது தில்லி

அன்புள்ள எஸ்.,

ஆதவனைப் பற்றிச் சொன்னது சரி. 45 வயதில், சிருங்கேரியில் துங்கை ஆற்றோடு போய்விட்டார் என்பதை இன்னும் மனம் ஏற்கவில்லை.

'குருதிப்புனல்' விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. நாவலுக்கு அடிப்படையான நிஜச் சம்பவத்தில், 1968 டிசம்பர் 25 இரவு கீழத்தஞ்சைக் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரிந்துபோனவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தச் சனங்கள் கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தார்கள், நெல்லாக அளக்கும் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். அதற்குத்தான் மிராசுதார்கள் தரப்பு வைத்த தீ. நாவலின் பண்ணையார் கண்ணையா நாயுடுவின் உடம்பில் காரணம் தேடப் போனதும் கூலி பின்னுக்குப் போய்விடுகிறது. ஒரு ஆளுடைய கோளாறுதான் என்றால் மற்ற மிராசுதார்களை எந்தக் கணக்கில் எழுதுவது? இடதுசாரிகள் இதைச் சொல்லித்தான் நாவலைக் கண்டித்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்.

ஆனாலும் அதை மூன்று முறை படித்திருக்கிறேன். காரணம், தில்லியிலிருந்து அந்தக் கிராமத்துக்குப் போகும் கோபால்.

எங்கள் குடும்பம் வெண்மணிப் பக்கத்து ஊரைச் சேர்ந்தது. அப்பாவுக்கு மத்திய சர்க்கார் வேலை, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அறுவடை முடிந்தால் குத்தகைப் பணம் மணியார்டரில் வரும். குளிர் தொடங்கும் முன் எனக்கு ஸ்வெட்டர் வாங்கியதெல்லாம் அந்தப் பணத்தில்தான். வெண்மணி என்ற பேரை வீட்டில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. கல்லூரி நாளில் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து இந்த நாவலை எடுத்து வந்தபோதுதான் தெரிந்தது. அன்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். "அது நம்ம ஊர் இல்லப்பா, நாலு மைல் தள்ளி" என்றார். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

கோபால் படித்தவன், நல்லவன். சமூகவியல் தெரிந்தவன். நண்பன் சிவாவோடு அவன் பேசும் பேச்சுகளைப் படிக்கும்போதெல்லாம் நான் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோலவே இருக்கும். அந்த நிலத்தை விட்டு வந்துவிட்டவர்கள், அதன் நெல்லில் பங்கு வாங்கிக்கொண்டே அதை விளக்கவும் முயல்கிறவர்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஒருவர் வெண்மணியை எழுதினார் என்பதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். பண்ணையார் பாத்திரம் பிசகிப்போனதை இது சரிக்கட்டாது. கோபாலை மட்டும் என்னால் விட முடியவில்லை.

அடுத்து சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' படியுங்கள். கீழத்தஞ்சைக்காரர், வயலில் நின்றவர்கள் பக்கமிருந்து அதே வெண்மணியைச் சொல்கிறார். கடையில் கிடைக்காவிட்டால் எழுதுங்கள். என் பிரதியைத் தருகிறேன்.